யெஸ்டி 250 முழு இன்ஜின் வேலை: கிராங்க் சீலும் மைசூர்த் தொழிற்சாலையின் 35 ஆண்டுகளும்

1970-களின் நடுவில் மைசூரில் தயாரான யெஸ்டி 250, ‘பி’ மாடல். பல வருஷம் ஷெட்டில் ஓடாமல் நின்ற வண்டி. கோளாறு இரண்டு. இன்ஜின் சூடானதும், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டாலும் வேகம் இறங்காமல் தானாக ஏறிக்கொண்டே போகும். கூடவே இரண்டு சைலன்சரிலும் வெள்ளைப் புகை. அந்தப் புகையில் 2டி ஆயில் (பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்) வாசனை இல்லை, கியர் ஆயில் கருகும் வாசனை. வேலை முடிந்து 500 கி.மீ. ஓடிவிட்டது. ஐட்லிங் சீராக நிற்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் மட்டமும் இறங்கவில்லை. எந்த வரிசையில் வேலை நடந்தது, என்னென்ன அளவு, எவ்வளவு செலவு, அடுத்த இன்ஜினில் எதை மாற்ற வேண்டும் என்பதை எழுதி வைக்கிறோம்.

பாகம் தேடும் முன்

இந்த வண்டிக்கு உதிரிபாகம் வாங்கப் போகிறவருக்குக் கம்பெனியின் வரலாறு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். காசு மிச்சமாவது அதில்தான். ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோர் 1960-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா, மைசூர் யாதவகிரியில் இருந்த தொழிற்சாலையில் 1961-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா கம்பெனியிடம் உரிமம் பெற்றுச் செய்த முதல் வண்டி ஜாவா 250, அதாவது அங்கே 353 என்ற எண்ணில் ஓடிய மாடல். 1973-லிருந்து பெட்ரோல் டேங்கில் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1978-ல் ரோட்கிங் மாடல். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

பெயர் மாறியது, டேங்க் மாறியது, ஹெட்லைட் மாறியது. சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. என்ற அளவு மட்டும் கடைசி வரை மாறவில்லை. இந்த அளவு மைசூரில் பிறந்ததுகூட இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-ல் வெளிவந்த ஜாவா 250 பெராக்கிலேயே இதே 65 × 75 தான். ஒரே அடிப்படை அளவு ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறது. பெரிய கம்பெனி என்றால் நடுவில் இரண்டு முறையாவது புதிய அச்சும் புதிய இயந்திரங்களும் போட்டு இன்ஜினையே மாற்றியிருக்கும். சிறிய கம்பெனி, கையில் இருந்த நல்ல இன்ஜினைத் தேய்த்துத் தேய்த்து நயமாக்கிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் 12 குதிரைத்திறன் தந்த இன்ஜினிலிருந்து ரோட்கிங்கில் 16 வரை எடுத்தார்கள். 1996-ல் மூடிய கம்பெனியின் வண்டிக்கு இன்றும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிடைக்கின்றன என்றால் அந்த மாறாத அளவுதான் காரணம்.

அதற்காக எல்லாப் பாகமும் எல்லா மாடலுக்கும் சேராது. பிஸ்டனின் உயரமும் ஜன்னல்களும் (கலவையும் புகையும் போகும் துளைகள்), ஹெட், கார்புரேட்டர் ஃப்ளாஞ்ச், டைனமோ எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடையில் பக்கத்தில் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலும் மைசூரிலும் பழைய பாகம் இன்னும் புரள்கிறது. 2018-ல் ஜாவா என்ற பெயரிலும் 2022-ல் யெஸ்டி என்ற பெயரிலும் வந்த புதிய வண்டிகள் தண்ணீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை. அவற்றின் இன்ஜின் பாகம் எதுவும் இதில் ஏறாது.

கோளாறைக் கண்டுபிடித்தது

முதல் சந்தேகம் கார்புரேட்டர் மேல். கழற்றி, ஜெட்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஸ்லைடு கேபிளில் 1 மி.மீ. தளர்வு வைத்துப் பூட்டியாயிற்று. மாற்றம் இல்லை. இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் ஃப்ளாஞ்சைச் சுற்றியும் சிலிண்டர் அடி கேஸ்கெட்டைச் சுற்றியும் கார்ப் கிளீனர் கொஞ்சம் பீய்ச்சிப் பார்த்தோம். எந்த இடத்தில் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஏர் இழுக்கிறது என்று அர்த்தம். எங்கேயும் மாறவில்லை. இதோடு நிறுத்திக் கார்புரேட்டரை விட்டிருக்கலாம். ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்ததில் நேரம்தான் போனது.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் உட்கார்ந்திருக்கும் கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கேஸுக்குள் உறிஞ்சும் சக்தி, கீழே வரும்போது அழுத்தம். கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள ஆயில் சீல்கள்தான் அந்தப் பம்பின் காற்றைக் கட்டி வைக்கின்றன. இந்த இன்ஜினில் வலப்பக்கம் டைனமோ. அங்கே சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், வேகம் தானாக ஏறும். அதே கலவையில்தான் ஆயிலும் வருகிறது என்பதால் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். இடப்பக்கம் ப்ரைமரி செயினும் கிளட்சும். அங்கே சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் குடிக்கும், வெள்ளைப் புகை வரும். இந்த வண்டியில் இரண்டு அடையாளமும் சேர்ந்தே தெரிந்தன.

உறுதி செய்ய அழுத்தச் சோதனை. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பல்பும் முள் காட்டும் கேஜும் போதும். அந்த கேஜில் 300 என்ற அளவு சுமார் 0.4 பார். டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸுக்குச் சரியான சோதனை அழுத்தம் அதுதான். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலின் உதடே புரண்டுவிடும்.

சிலிண்டரின் முன்பக்கம் இரண்டு எக்ஸாஸ்ட் வாய் இருப்பதால் இரண்டையும் அடைக்க வேண்டும். 5 மி.மீ. அலுமினியத் தகடு, அடியில் சைக்கிள் ட்யூப் ரப்பர். கார்புரேட்டர் இடத்திலும் அதே போல ஒரு தகடு. எக்ஸாஸ்ட் தகடு ஒன்றில் துளை போட்டு, ட்யூப் வால்வின் தண்டைப் பொருத்தி, அதன் வழியாகக் காற்று ஏற்ற வேண்டும். பிஸ்டனைக் கடைக்கீழ் நிலையில் நிறுத்துவது முக்கியம். அப்போதுதான் கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் டிரான்ஸ்ஃபர் வழிகள் திறந்து சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே அறையாகும். கார்புரேட்டர் வாய் வழியாக ஏற்றினால் அந்த நிலையில் பிஸ்டனின் பாவாடைப் பகுதி (அதன் அடிப்பக்கச் சுவர்) வழியை மறைக்கும். கேஜ் பொய் சொல்லும்.

நல்ல இன்ஜினில் முள் ஐந்து நிமிஷம் அசையக் கூடாது. இதில் 300-க்கு ஏற்றி பல்பை மூடியதும் முள் வழுக்கிக்கொண்டு இறங்கி அரை நிமிஷத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. டைனமோவைக் கழற்றி வலப்பக்க சீலின் மேல் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவியதும் கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில் நுரை பூத்தது. இடப்பக்க சீல் வெளியே தெரியாது. கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றும் வாயில் ரப்பர் குழாயை இறுக்கிச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விட்டால், காற்று ஏற்ற ஏற்றக் குமிழி வரும். வந்தது. இனி இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிரித்தல்

டைனமோ ரோட்டர் கிராங்கின் டேப்பரில், அதாவது கூம்பான முனையில், உட்கார்ந்திருக்கிறது. நடு போல்ட்டை எடுத்த பிறகு புல்லர் போல்ட் ஏற்றித்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலும் கிராங்க் முனை வளையும். பிறகு, திறக்கும்போது பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் அலையும். இடப்பக்கம் இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் டேப்பர்தான். இரண்டுக்கும் புல்லரை லேத்தில் கடைந்துகொள்ளலாம். நட்டுகளில் எது இடமரை, எது வலமரை என்று பார்க்காமல் நீளக் குழாய் போட்டு முறுக்கக் கூடாது. ஷிம்கள் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையங்கள்) எந்தப் பக்கம், எத்தனை என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வைத்தோம்.

கேஸ் செங்குத்தாக இரண்டு பாதியாகப் பிரியும். நடுவில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அந்தக் கீறலிலேயே நாளைக்கு ஏர் இழுக்கும். சுற்றிலும் மர மேலட்டால் மெல்லத் தட்டி, ஹீட் கன்னால் பேரிங் இருக்கும் இடத்தைச் சூடாக்கினால் தானே விடும்.

சீல் இரண்டும் கையில் எடுத்தபோது பிளாஸ்டிக் வளையல் மாதிரி கெட்டியாகிக் கிடந்தன. உதட்டை நகத்தால் அழுத்தினால் வளைய வேண்டும், இவை வெடித்தன.

கிராங்க்

சீல் மட்டும் மாற்றி மூடிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். கேஸைப் பிரிக்கும் கூலியே பெரிது என்பதால் பிக் எண்டையும் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனை) பார்த்துவிட வேண்டும். ராடை மேலும் கீழுமாக இழுத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் இருக்கலாம். இதில் மேல்-கீழ் ஆட்டம் கைக்கே தெரிந்தது. ராட் கிட் புதிதாகப் போட முடிவாயிற்று.

கிராங்கைப் பிரஸ்ஸில் பிரிக்கும் முன் இரண்டு வெயிட்டுகளின் வெளிமுகத்துக்கு இடையே உள்ள மொத்த அகலத்தை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்து எழுத வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே அகலம் வர வேண்டும். அகலம் கூடினால் கேஸ் மூடும்போது பேரிங் பக்கவாட்டில் நெருக்கப்படும், சில நூறு கி.மீ.-ல் சத்தம் வரும். கோயம்புத்தூரில் கிராங்க் வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் கொடுத்து, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் பார்த்து எடுத்தோம். சுற்றும்போது இரண்டு முனையிலும் அலைவு 0.02 மி.மீ. நமக்கு 0.03-க்குள் இருந்தால் போதும். இந்த அளவை நேரில் நின்று பார்க்காமல் கிராங்கை வாங்கி வரக் கூடாது.

சீல் உதடு உரசும் இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. இதில் லேசான கோடுதான். 600 எமரி தாளில் ஆயில் தொட்டு, கிராங்கைச் சுற்றவிட்டு மெருகேற்றி, சீலைப் பழைய இடத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி உட்கார வைத்ததால் உதடு புது இடத்தில் படுகிறது.

சிலிண்டர்

வார்ப்பிரும்புச் சிலிண்டர். போர் கேஜில் மேலே 65.14, கீழே 65.02. முன்-பின் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் 0.05 வித்தியாசம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் போடும் பெரிய பிஸ்டன்களில் முதல் ஓவர்சைஸான 0.25 போதும் என்று தெரிந்தது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங்குக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், பாவாடையின் அடியில், பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்னுக்குக் குறுக்குத் திசையில் மைக்ரோமீட்டரால் அளந்தால் 65.18. அதற்கு 0.07 இடைவெளி கூட்டி 65.25-க்கு போரிங், பிறகு சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங். இடைவெளி 0.05-க்குக் கீழே போனால் நம் வெயிலில் நெடுஞ்சாலை ஓட்டத்தில் பிடிக்கும், 0.10-ஐத் தாண்டினால் குளிர்ந்த இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்கும்.

போரிங் முடிந்து வரும் சிலிண்டரில் ஜன்னல் விளிம்புகள் பிளேடு போலக் கூராக இருக்கும். பட்டறையில் பெரும்பாலும் இதைக் கவனிக்க மாட்டார்கள். சிறிய உருண்டை அரத்தாலும் ஆயில் கல்லாலும் எல்லா விளிம்பையும் 0.5 மி.மீ. மழுக்க வேண்டும். விட்டால் ரிங் முனை ஜன்னலில் மாட்டி உடையும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் சுவரிலேயே ஒட்டியிருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை கழுவி, உடனே 2டி ஆயில் தடவ வேண்டும். ரிங் இடைவெளி 0.25 மி.மீ. ரிங்கின் வாய், பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சிலிண்டரை இறக்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது கம்பெனியின் முடிவுக்கு ஒரு காரணமும் தெரியும். டிரான்ஸ்ஃபர் வழியாக வரும் புதுக்கலவை உள்ளே சுழன்று பழைய புகையை வெளியே தள்ளும் அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் வாய் இரண்டும் திறந்தே கிடக்கின்றன. எரியாத பெட்ரோலும் ஆயிலும் கொஞ்சம் அப்படியே வெளியேறும். 1980-களின் நடுவில் 100 சிசி ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்து பெட்ரோல் செலவைப் பாதியாக்கிக் காட்டின. 1996-ல் வந்த புகை விதி இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு கி.மீ.-க்கு 4.5 கிராம், ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து 3.6 கிராம் என்று எல்லை வைத்தது. இந்தச் சிலிண்டரை வைத்துக்கொண்டு அந்த எல்லைக்குள் வருவது பெரும்பாடு. தொழிலாளர் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. பாகம் கிடைக்க எது உதவியதோ, அந்த மாறாத இன்ஜினே கம்பெனியைச் சந்தையில் பின்னுக்குத் தள்ளவும் செய்தது.

திரும்பப் பூட்டுதல்

பேரிங் எண்ணைப் பழையதன் ஓரத்தில் படித்து, அதே எண்ணில் சி3 இடைவெளி (உள்ளே சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தளர்வு) உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண இடைவெளி உள்ளது சூட்டில் இறுகும். கேஸை அடுப்புத் தட்டில் வைத்துச் சூடாக்கி, தண்ணீர்த் துளி விட்டால் சுரீர் என்று துள்ளும் நிலையில் பேரிங்கை வைத்தால் தட்டாமலே இறங்கும். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் எளிது.

சீல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கறுப்பு நைட்ரைல் சீலுக்குப் பதில் பழுப்பு நிற விட்டான் சீல். விலை மூன்று மடங்கு, ஆனால் இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும். ஸ்பிரிங் உள்ள உதடு கிராங்க் கேஸைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, சாவிப்பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன் மேல் வழுக்கி ஏற்ற வேண்டும். நேரடியாகத் தள்ளினால் பள்ளத்தின் ஓரம் உதட்டைக் கிழிக்கும்.

கேஸ் முகத்தில் இறுகாத வகை சீலன்ட், படலம் தெரியும் அளவுக்கு மட்டும். சிலிண்டர், ஹெட் நட்டுகளைக் குறுக்காக மூன்று தவணையில் இறுக்கி, முதல் முறை ஓட்டி ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை. கிளட்ச் கார்க் பிளேட்டுகளைப் பூட்டுவதற்கு முந்தின இரவே ஆயிலில் ஊற வைத்தோம்.

மூடியதும் மறுபடி அழுத்தச் சோதனை. முள் 300-லேயே நின்றது.

டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, ஹெட் ஏறும் முன்பே வைத்துவிட்டோம். பிஸ்டன் தலையில் நேராக டயல் கேஜ் வைக்கலாம் என்பதால் அளவு துல்லியமாக வரும். பிளக் துளை வழியாகச் சாய்வாக அளந்தால் தப்பாகும். பாயின்ட் அதிகபட்சத் திறப்பு 0.4 மி.மீ. முதலில் அதை வைத்துவிட்டுத்தான் டைமிங். வரிசை மாறினால் இரண்டும் கெடும். பிஸ்டன் உச்சிக்கு 3 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கும்படி தட்டைத் திருப்பி, 6 வோல்ட் பல்பைக் குறுக்கே கட்டிப் பார்த்தோம். கையேட்டு அளவு மாடலுக்கு மாடல் மாறும். இந்த இன்ஜினில் இன்றைய பெட்ரோலுக்கு 3 மி.மீ. தட்டாமல் இழுக்கிறது. பிளக் இடைவெளி 0.6.

கிளட்ச் சரி செய்யும்போது ஒரு விஷயம். இந்த வண்டியில் கியர் லீவரை அழுத்தும்போதே உள்ளே இருக்கும் கேம் கிளட்சைத் தூக்கும். உதைக்கும் லீவரும் அதேதான்; உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவில் துளிக்கூடத் தளர்வு இல்லையென்றால் லீவரின் மேல் கால் பட்டாலே கிளட்ச் வழுக்கும். தளர்வு அதிகமானால் கியர் மாறும்போது கரகரக்கும். கேபிளில் 2 மி.மீ. தளர்வு வைத்தபின் இரண்டும் நின்றன.

முதல் 500 கி.மீ.-க்கு லிட்டருக்கு 50 மி.லி. 2டி ஆயில், பிறகு 40. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மி.லி. என்று நினைவு வைத்துக்கொண்டால் பங்க்கில் குழப்பம் வராது. வேகம் 40-ஐத் தாண்டாமல், ஒரே ஆக்சிலேட்டரில் நிறுத்தி வைக்காமல் ஓட்ட வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் உருட்டக் கூடாது. கலவை வராதபோது ஆயிலும் வராது. கிளட்சைப் பிடித்துவிட வேண்டும்.

செலவு, அடுத்த முறைக்கு

பிஸ்டன் கிட் 2,200, போரிங் 900, ராட் கிட் 2,400, கிராங்க் பிரஸ்ஸும் சரிபார்ப்பும் 1,500, பேரிங்குகள் 2,600, சீல்கள் 600, கேஸ்கெட் செட் 400, கிளட்ச் பிளேட் 900, பாயின்ட், கண்டென்சர் 450, சீலன்ட், கிளீனர் வகை 500. மொத்தம் ரூ. 12,450. இதில் வெறும் 600 ரூபாய் சீலுக்காகத் தொடங்கிய வேலைதான் மற்ற எல்லாம்.

அடுத்த இன்ஜினில் கார்புரேட்டரைத் தொடும் முன்பே அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கேஸை மூடியதும், ப்ரைமரி பக்கம் எதையும் பூட்டுவதற்கு முன்பாக ஒரு முறை சோதிக்க வேண்டும். கசிந்தால் பாதி வேலை மிச்சம். சைலன்சர் தடுப்புகளில் சேர்ந்த கரியைத் தொடக்கத்திலேயே காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து எடுத்திருக்கலாம், இதில் கடைசியில் செய்ததால் கலவை ஸ்க்ரூவை இரண்டாம் முறை வைக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது.

ஆயிரம் கி.மீ.-க்கு ஒரு முறை, வண்டியை நேராக நிறுத்தி, கியர்பாக்ஸ் லெவல் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஆயில் எட்டவில்லை என்றால் இடப்பக்க சீல் மறுபடி குடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆயில் தேவைக்கு மேல் வழிந்து, அதில் பெட்ரோல் வாசனையும் அடித்தால், அதே சீல் வழியாகக் கலவை கியர்பாக்ஸுக்குள் தள்ளப்படுகிறது. அப்போது ஆயிலை உடனே மாற்றிவிட்டு ரத்த அழுத்தக் கருவியை எடுக்க வேண்டியதுதான்.